ஆறு பேருக்கு ஒரு கூடாரம்

ஆடித் திருநாள் முடிந்து ஆவணித் திருநாளுக்கு நாள் எண்ணத் தொடங்கும் காலத்தில் எங்கள் பங்குமனைத் திண்ணைக்கு வரும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வான் எத்தனை மணிக்குப் புறப்படும்? மடுவில் தண்ணீர் தாராளமாகக் கிடைக்குமா? சமையற் பாத்திரங்களை எடுத்துச் செல்லலாமா? இவற்றுக்கெல்லாம் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடியவனாகவே நான் இருந்துவந்தேன். ஆனால், 2023ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு மாலைப்பொழுது எங்கள் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் வந்து கேட்ட கேள்வி புதியது.

"சுவாமி, ஒரு கூடாரம் வாங்கப்போகிறேன். எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்" என்றார்.

கைத்தொலைபேசியைத் திறந்து வரிசையாகப் படங்களைக் காட்டினார். கோழிக்கூடு போன்றவை, குகை போன்றவை, குடையைக் கவிழ்த்தாற் போன்றவை எனப் பலவிதம். மடுவில் வாடகை அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் காட்டுக்குள் தங்குவதிலுள்ள இன்பம் பிள்ளைகளுக்கு அறையில் இல்லை. ஆடியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை, இடையில் விடுமுறைக்கு வேறெங்கேனும் ஒருமுறை என்று குடும்பத்தோடு சென்று தங்குவதற்கு உதவும் என்பது அவருடைய எண்ணம். கணவன், மனைவி, பிள்ளைகள் மூவர், ஆசிரியரின் தாயார் ஆகிய ஆச்சி. ஆக ஆறு பேர்.

கூடாரம் பற்றிப் பேசுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்று வாசகர் கேட்கலாம். புனித பவுலடியார் கூடாரம் செய்யும் தொழில் அறிந்தவர், அடியேன் அறியாதவன். ஆயினும் கூடாரத்தின்கீழ் படுத்த அனுபவம் சிறுபிராயம் முதலே உண்டு. என் தந்தையாரிடம் ஒரு பழைய படங்கு இருந்தது. லொறிக்காரர் ஒருவரிடம் வாங்கிய கனத்த பருத்திக் கன்வஸ் துணி அது. சுருட்டினால் தூக்க இருவர் வேண்டும். ஆவணித் திருநாளுக்கு நான்கைந்து குடும்பங்கள் ஒரு லொறியில் ஏறிச் செல்வோம்; காட்டுத் தடிகளை நட்டுப் படங்கை விரித்துக் கட்டுவார்கள். பருத்தி நூல் நனைந்தவுடன் பருத்து, இழைகளுக்கிடையே உள்ள துவாரங்களை அடைத்துக்கொள்ளும். ஆதலால் மழை உள்ளே வாராது. ஆனால், நனைந்த துணியை உட்புறமாக விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுகத் தொடங்கும். "தொடாதே" என்று தந்தையார் எச்சரித்திருந்தார். எட்டு வயதுச் சிறுவனுக்கு அத்தகைய எச்சரிக்கை அழைப்பிதழ் அல்லவா? நான் தொட்டேன். சித்தப்பாவின் நெற்றியில் விடியும்வரை சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த அனுபவம் அத்துணை இனியதன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் குருமட மாணவன். தென்மராட்சியில் ஒரு தென்னந்தோப்பில், இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய தறப்பாளின்கீழ் என் பெற்றோருடன் மூன்று கிழமை இருந்தேன். அங்கே கற்றுக்கொண்ட பாடங்களும் சில உள.

ஆகவே, ஆசிரியரை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, சற்று விரிவாகவே பேசினேன். சொன்னவற்றை இங்கேயும் சொல்கிறேன். ஏனெனில் அவை தவறானவை அல்ல.

முதலாவது, பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணிக்கையை நம்பவேண்டாம். "நால்வருக்கு" என்று எழுதியிருந்தால், நால்வர் தோளோடு தோள் உரசிப் படுக்க முடியும் என்பதே பொருள். ஒருவருக்கு ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் அகலம் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். நாம் பாயில் படுத்துப் புரளும் அளவுக்கு அது எங்கே போதும்? துணிப்பை, தண்ணீர்க் கலன், அரிசி மூட்டை ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆறு பேர் கொண்ட குடும்பம் எட்டுப் பேருக்கென எழுதியதை வாங்குவதே முறை. சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் இளைஞர் மன்றத்துக்காக "ஆறு பேர்" கூடாரம் ஒன்றை வாங்கி, அதில் ஆறு இளைஞரைப் படுக்கவைத்தேன். நள்ளிரவில் மூவர் வெளியே வந்து கோவில் விறாந்தையில் படுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, துணி. கன்வஸ் துணி காற்றை உட்புகவிடும், வெயிலில் ஓரளவு தணிவாக இருக்கும், பல்லாண்டு உழைக்கும். ஆனால் கனம் மிகுதி, விலையும் மிகுதி. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடித்துக் கருகிவிடும். இக்காலத்தில் பெரும்பாலும் பொலியெஸ்ரரும் நைலோனுமே கிடைக்கின்றன. நைலோன் இலேசானது, ஆனால் நனைந்தால் தொய்யும், வெயிலில் விரைவாக நைந்துபோகும். எங்கள் வன்னி வெயிலுக்குப் பொலியெஸ்ரரே மேல். துணியின்மேல் "1,500 மி.மீ.", "3,000 மி.மீ." என்று எண்கள் எழுதப்பட்டிருக்கும். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீர் ஊற்றினால் எவ்வளவு உயரம்வரை நீர் கசியாமல் தாங்கும் என்பதே அது. கூரைக்கு 1,500 போதும்; நாம் உட்கார்ந்தும் முழங்கால் ஊன்றியும் அழுத்துகின்ற தரைத்துணிக்கு 3,000க்குக் குறையக்கூடாது. ஆயினும் எந்த எண்ணையும்விடத் தையலைப் பார்ப்பது நல்லது. மழை துணி வழியே வருவது அரிது. ஊசித் துவாரம் வழியேதான் வரும். தையலின் உட்புறத்தில் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று விரித்துப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, இரட்டைச் சுவர். உள்ளே வலைத்துணியாலான அறை, அதன்மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு மழைத்துணி. ஒற்றைத் துணிக் கூடாரம் மலிவு. ஆனால் ஆறு பேரின் மூச்சிலுள்ள ஈரம் போக வழியின்றி மார்கழிக் குளிரில் துணியின் உட்புறத்தில் படிந்து சொட்டும். காலையில் எழுந்து கூரை ஒழுகிவிட்டது என்று கடைக்காரரை ஏசுவோம். ஒழுகியது நம் மூச்சே.

முளைகளைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேசினேன் போலும். பெட்டியோடு தருகின்ற மெல்லிய கம்பி முளைகள் ஆவணி மாதத்தில் மடுவின் இறுகிய நிலத்தில் அடித்தால் வளைந்துபோகும். கடற்கரை மணலிலோ இழுத்தவுடன் வந்துவிடும். இறுகிய நிலத்துக்குக் கொல்லரிடம் சொல்லி ஒன்றரைச் சாண் நீளத்தில் இரும்பு முளைகள் அடிப்பித்துக்கொள்ளலாம். மணலில் ஒரு தடியைக் குறுக்காகப் புதைத்து அதன் நடுவில் கயிற்றைக் கட்டினால் சோளகக் காற்றுக்கும் அசையாது.

இறுதியாக, நெருப்பு. இதை மட்டும் எல்லாப் பெற்றோருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்மவர்கள் திருத்தலத்தில் மெழுகுதிரி கொளுத்திப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் கூடாரத்துக்குள்ளும் ஒரு சிறு படத்தை வைத்து மெழுகுதிரி ஏற்றிவிடுகிறார்கள். இந்தத் துணிகள் எரிவதோடு நில்லாமல் உருகிச் சொட்டும். சொட்டியது தோலில் ஒட்டிக்கொள்ளும். நுளம்புத்திரியும் அவ்வாறே. அடுப்பை மழைக்காக உள்ளே எடுத்துவருவது அதனினும் கேடு, கரியடுப்பிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, உறங்கியவர் எழும்பமாட்டார். செபத்துக்கு ஒரு மின்சூள் போதும். மாதா கோபிக்கமாட்டா.

ஆசிரியர் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை நானும் உடன் சென்றேன். யாழ் நகரிலே ஒரு கடையில், எட்டுப் பேருக்கென எழுதிய, நடுவில் நிமிர்ந்து நிற்கக்கூடிய, இரட்டைச் சுவருள்ள, அலுமினியக் கம்பிகள் கொண்ட கூடாரத்தைத் தெரிவுசெய்தோம். கண்ணாடிநார்க் கம்பி ஒடிந்தால் சிம்பு சிம்பாய்ப் பிரிந்து கையைக் குத்தும் என்று நான் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரரே தலையசைத்தார். நிறத்தைப் பற்றியும் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன்: கடுநிறம் வெப்பத்தை உள்வாங்கும், ஆதலால் வெள்ளைக்கு அண்மையான நிறமே நல்லது என்று. அவ்வாறே வெளிறிய பால்வெள்ளை நிறத்தில் வாங்கினோம். வரும் வழியெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமிதம்.

புதிய கூடாரத்தை முதன்முதலாகக் காட்டில் விரிக்கக்கூடாது. வீட்டிலேயே ஒருமுறை கட்டிப் பார்க்கவேண்டும் என்பது நான் சொன்ன இன்னொரு பாடம். ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோவில் வளவில் கட்டினோம். பிள்ளைகளின் ஆரவாரத்தைச் சொல்லவும் வேண்டுமோ? அரைமணி நேரத்தில் கூடாரம் எழுந்து நின்றது. ஆச்சியை அழைத்துவரச் சின்ன மகள் ஓடினாள்.

ஆச்சி வந்தார். பத்தடி தூரத்தில் நின்றார். வெயிலில் காய்ந்த புதுத்துணியின் மணம் வளவெங்கும் பரவியிருந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது எத்தினை பேருக்கு?" என்று கேட்டார்.

"எட்டுப் பேருக்கு, ஆச்சி" என்றேன் நான்.

"எட்டுப் பேருக்கெண்டால் பதினாறு பேரை விடுவினம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஆசிரியர் சங்கடப்பட்டுச் சிரித்தார். முதியோரின் பிடிவாதம் என்றார். நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். ஆனால் அந்தச் சொற்கள் அன்று முழுவதும் என்னை விடவில்லை. மாலையில் அவர்களுடைய வீட்டுக்குச் சென்றேன். ஆச்சி கொல்லையில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது மகன் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தார். தாயும் தந்தையும் வன்னியில். அதன்பின் மகன் அவர்களைக் காணவில்லை. 2009இல் போர் முடிவுற்று, இலட்சக்கணக்கானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது அவர்களும் போனார்கள். ஐவருக்கென்ற வெள்ளைக் கூடாரத்தில் மூன்று குடும்பங்கள், பதினொருவர். உச்சிவெயிலில் அந்தத் துணி மணக்கும் மணத்தைத் தவிர வேறெதுவும் இப்போது தெளிவாக நினைவில்லை என்றார். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் பெய்த மழையில் முகாமுக்குள் வெள்ளம் புகுந்தபோது, நோயாளியான கணவரை இரவு முழுவதும் பெட்டியொன்றின்மேல் இருத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். செப்ரெம்பரில் அவர் அந்தக் கூடாரத்திலேயே இறந்தார். முகாமிலிருந்தோர் வெளியே சென்றுவர அனுமதி கிடைத்தது அவ்வாண்டு டிசம்பரில்தான். மகன் வெளியே நின்றார்.

"அவனுக்கு இது தெரியாது சுவாமி. காய்ச்சலிலை போனவர் எண்டுதான் சொன்னனான். எங்கை, எப்பிடி எண்டு அவனும் கேட்கேல்லை, நானும் சொல்லேல்லை. பிள்ளையள் ஆசைப்படுகுதுகள். நான் மடுவுக்கு வரேல்லை. அவையள் போகட்டும்."

நான் பங்குமனைக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. ஆறு பேர் என்று எண்ணினேனேயொழிய அந்த ஆறு பேரும் யார் யார் என்று நான் கேட்கவில்லை. அந்த முகாமுக்கு நானே பலமுறை சென்றவன். அந்தக் கூடாரங்களின் நிறம் எனக்குத் தெரியாததன்று. வெப்பத்தை உள்வாங்காத நிறம் என்றல்லவா அதைப் புகழ்ந்து வாங்குவித்தேன்!

இந்த இடத்தில் மருதமடுவைப் பற்றி ஒரு சொல். அந்தக் காட்டுக்கு மக்கள் முதன்முதலாகக் கூடாரமடித்தது உல்லாசத்துக்காக அன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் துன்புறுத்தப்பட்டபோது, மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு 1670இல் காட்டுக்குள் ஓடியவர்கள் வழிவந்ததே அத்திருத்தலம் என்பது மரபு. 1990க்குப் பின் ஆயிரமாயிரம் அகதிகள் அந்த வளாகத்திலே தறப்பாள்களின்கீழ் வாழ்ந்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் நாள் ஆலய வளாகத்தில் வீழ்ந்த எறிகணைகள், தஞ்சம் புகுந்திருந்தோரில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. 2008 ஏப்ரலில் மாதாவின் சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போக நேர்ந்தது. மடுவில் கூடாரம் அடிக்கிற நம்மில் பலருக்கு அதன் துணியில் வேறொரு மணமும் கலந்திருக்கிறது என்பதை, மற்ற எவரினும் நான் நினைத்திருக்கவேண்டும்.

ஆச்சி என்னிடம் சொன்னதை நான் மகனிடம் சொல்லவில்லை. அது என் கையிலுள்ள காரியமன்று. "தாயாரிடம் நீரே பேசும். பிள்ளைகள் உறங்கியபின் பேசும்" என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் ஆசிரியர் திருப்பலிக்கு வந்தார்; கண்கள் வீங்கியிருந்தன. கூடாரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அதற்குள் ஆச்சியே வழி சொல்லிவிட்டாராம். பிள்ளைகளும் பெற்றோரும் கூடாரத்தில் படுக்கட்டும்; தனக்கு நான்கு பக்கமும் திறந்த ஒரு பந்தல் போதும்; எந்தப் பக்கத்தாலும் எழுந்து போகலாம், மரம் தெரியவேண்டும், வானம் தெரியவேண்டும்.

இம்முறை கடைக்கு ஆச்சியும் வந்தார். நானும் போனேன்; வாய் திறக்கவில்லை. தறப்பாள் வாங்குவதை அந்த மூதாட்டியிடம் பார்த்துக் கற்கவேண்டும். துணியின் தடிப்பை அவர் பார்க்கவில்லை. நேரே மூலைகளுக்குப் போனார். கயிறு கோக்கும் உலோக வளையங்களை ஒவ்வொன்றாய்ப் பெருவிரலை நுழைத்து இழுத்தார். வளையத்தைச் சுற்றித் துணி இரட்டையாய் மடித்துத் தைக்கப்படாத மூன்று தறப்பாள்களை ஒதுக்கினார். கடைப்பையன் பொறுமையிழந்து, "எல்லாம் ஒண்டுதான் ஆச்சி" என்றான். "காத்து உந்த மூலையிலைதான் தம்பி பிடிச்சு இழுக்கும்" என்றார் அவர். நான்கு மீற்றருக்கு ஐந்து மீற்றர், கடும் பச்சை நிறம். அதனோடு ஒரு மடிப்புக் கட்டில், ஒரு நுளம்பு வலை. வெப்பத்தை உள்வாங்கும் நிறந்தான். நாற்புறமும் காற்றோடும் பந்தலில் அதனால் என்ன?

ஓகஸ்ட் 12ஆம் நாள் மடுவுக்குச் சென்றோம். ஆலயத்துக்குத் தெற்கே, பாலையும் வீரையும் நிழல் பரப்பிய காட்டோரத்தில், மெத்தைபோல மணல் படிந்த சமதரை ஒன்றை ஆசிரியர் தெரிந்து, என் இரும்பு முளைகளோடு வேலையைத் தொடங்கினார். எனக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. ஆச்சி வானிலிருந்து இறங்கி வந்து நிலத்தைப் பார்த்தார். மணலின்மேல் காய்ந்த சருகுகள் ஒரு கோடாய் ஒதுங்கிக் கிடந்தன.

"இது தண்ணி ஓடுற தடம்" என்றார்.

ஆவணியில் மடுவில் மழை ஏது என்று நாங்கள் இருவரும் சொல்லிப் பார்த்தோம். அவர் கேட்கவில்லை. இருபது யார் மேலே, மேடான இடத்தில் கட்டினோம். அங்கே தலைக்குமேல் பட்ட கொப்பு இல்லை என்பதையும் அவரே நிமிர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். பந்தலின் கயிறுகளை எவரையும் கட்டவிடவில்லை. இழுத்தால் இறுகி, ஒரு நுனியைப் பிடித்தால் அவிழும் முடிச்சு. பேரன் அதைக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் செலவிட்டான். அந்திக்குப் பின், பனியில் கயிறு இறுகும் என்று சொல்லி எல்லாவற்றையும் சற்றுத் தளர்த்தினார். அது தும்புக் கயிற்றுக்கு உரிய விதி. நாங்கள் வாங்கியது நைலோன். நான் பேசாமலிருந்தேன்.

14ஆம் நாள் இரவு, திருவிழா வெஸ்பர் ஆராதனை முடிந்து மக்கள் தத்தம் இடங்களுக்குத் திரும்பிய சற்று நேரத்தில், எவரும் எதிர்பாராமல் மழை பெய்தது. பெருமழையன்று, முக்கால் மணி நேரம் நன்றாய்ப் பெய்து ஓய்ந்தது. நான் குருக்கள் விடுதியில் இருந்தேன். விடிந்ததும் முதற் திருப்பலிக்கு முன்னர் ஒரு நடை பார்த்துவரப் போனேன்.

சருகுக் கோட்டின் வழியே கலங்கல் நீர் ஓடிய தடம் நன்றாய்த் தெரிந்தது. முதல்நாள் மாலை அவ்விடத்தில் வந்து இறங்கிய வேறோர் ஊர்க் குடும்பத்தின் சிறு கூடாரம் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. பாய்களும் தலையணைகளும் வீரை மரக் கிளைகளில் காய்ந்துகொண்டிருந்தன. அவர்களையோ காணவில்லை.

பச்சைப் பந்தலின்கீழ் பார்த்தேன். கட்டிலில் ஒரு கைக்குழந்தையும் அதன் தாயும். தரையில் பாய்களில் வரிசையாகப் பலர். எங்கள் ஆசிரியரும் பெரிய மகனும் தங்கள் கூடாரத்தை யாருக்கோ விட்டுக்கொடுத்து ஓரத்தில் சுருண்டு கிடந்தார்கள். பழக்கத்தினால் எண்ணினேன்: பந்தலில் மட்டும் பதினான்கு தலைகள்.

ஆச்சி வெளியே மூன்று கல் அடுப்பின் முன் குந்தியிருந்து, ஈரவிறகை ஊதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார். வேண்டாமென்று கை காட்டினேன்.

"தேத்தண்ணி கொதிக்குது சுவாமி, இருங்கோ" என்றார். "கோப்பைதான் காணாது."